ஒரே ஒரு கிளீனரும் ஒரு டஜன் மைக்ரோஃபைபர் துணியும்: வீட்டைத் துடைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ள அலமாரி நிறைய பாட்டில்கள் வேண்டியதில்லை. கண்ணாடிக்கு ஒன்று, அடுப்புக்கு ஒன்று, ஃப்ரிட்ஜுக்கு ஒன்று, மேசைக்கு ஒன்று என்று தனித்தனியாக விற்கிறார்கள். அவற்றின் வேலையில் பெரும்பகுதியை, தண்ணீரில் கலந்து பயன்படுத்தும் சாதாரண ஆல் பர்ப்பஸ் கிளீனர் ஒன்றே பார்த்துக்கொள்ளும். ஆனால் துணி நல்லதாக இருக்க வேண்டும், துடைக்கிற நேரத்தில் அது சுத்தமாகவும் இருக்க வேண்டும். அழுக்கை இளக்கிவிடுவது கிளீனர். அதை அங்கிருந்து எடுத்துக்கொண்டு போவது துணி. பளிச்சென்று வரவில்லை என்றதும் நம்மில் பலர் இன்னும் கொஞ்சம் கிளீனரை ஊற்றுகிறோம். அந்த இடத்தில் மாற்ற வேண்டியது துணியைத்தான்.

கிளீனர் என்ன செய்யும், என்ன செய்யாது

ஆல் பர்ப்பஸ் கிளீனரில் பெரும்பகுதி தண்ணீர். மிச்சத்தில் முக்கியமானது சர்ஃபாக்டன்ட் என்ற வேதிப்பொருள். அதன் மூலக்கூறில் ஒரு முனை தண்ணீரோடு சேரும், மறுமுனை எண்ணெயோடு சேரும். பிசுக்கைச் சுற்றி இவை சூழ்ந்துகொண்டு, அதைச் சின்னச் சின்னத் துளிகளாக்கித் தண்ணீருக்குள் இழுத்துவிடும். கூடவே லேசான காரத்தன்மை, கொஞ்சம் வாசனை, கெட்டுப்போகாமல் காக்க ஏதாவது ஒன்று. மலிவான பாட்டிலிலும் அடிப்படை இதுதான்.

சர்ஃபாக்டன்ட் ஓர் அளவைத் தாண்டினால் கூடுதலாக எதையும் கழுவாது. மிஞ்சியது துடைத்த இடத்திலேயே மெல்லிய படலமாகக் காய்ந்து நிற்கும், அதில் தூசி வந்து ஒட்டும். தரை காலில் பிசுபிசுக்கிறதா? துடைத்த மறுநாளே மேசை மங்கித் தெரிகிறதா? பெரும்பாலும் கிளீனர் கூடிப்போனதுதான் காரணம்.

ஹென்கெல் நிறுவனத்தில் பணியாற்றிய வேதியியலாளர் ஹெர்பர்ட் சின்னர், 1959-இல் சுத்தம் செய்வதை நான்கு காரணிகளாகப் பிரித்துக் காட்டினார்: ரசாயனம், தேய்க்கும் விசை, சூடு, நேரம். ஒன்றைக் குறைத்தால் மற்றதைக் கூட்டி ஈடுகட்டலாம். தொழில்முறையாகச் சுத்தம் செய்பவர்கள் இன்றும் இந்தக் கணக்கில்தான் யோசிக்கிறார்கள். நமக்கு இது எவ்வளவு வசதி பாருங்கள். கிளீனர் மலிவானதாக, நீர்த்ததாக இருந்தாலும், தடவிவிட்டுச் சில நிமிடங்கள் காத்திருந்தால் போதும். கை வலிக்கத் தேய்க்க வேண்டிய அவசியம் பாதியாகக் குறைந்துவிடும்.

இதால் ஆகாத வேலைகளும் உண்டு. குழாயைச் சுற்றி வெள்ளையாகப் படிந்திருக்கும் உப்புக்கறை கால்சியம் சேர்ந்தது. அதற்கு எலுமிச்சை அமிலம் போன்ற புளிப்பான பொருள் வேண்டும். துருவுக்கும் சுவரில் இறங்கிவிட்ட பூஞ்சைக் கறைக்கும் இது போதாது. லேபிளில் தனியாகச் சொல்லியிருந்தால் ஒழிய, இது கிருமிநாசினியும் அல்ல. துடைக்கும்போது கிருமிகளில் கணிசமான பங்கு அழுக்கோடு சேர்ந்து துணிக்கு வந்துவிடும், ஆனால் சாகாது. வீட்டில் யாருக்காவது வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் முதலில் கிளீனரால் துடைத்துவிட்டு, அப்புறம் கிருமிநாசினி தடவி, அதன் லேபிளில் உள்ள நேரம் முழுவதும் ஈரமாகவே விட வேண்டும். அழுக்கின் மேலேயே கிருமிநாசினியை ஊற்றினால் அதன் வீரியம் அழுக்கிலேயே தீர்ந்துபோகும்.

துணியைத் தேர்ந்தெடுப்பது

பெயர் மைக்ரோஃபைபர் என்றிருந்தால் மட்டும் போதாது. இதன் இழை மிக மெல்லியது; 9,000 மீட்டர் இழையை நிறுத்தால் 1 கிராம்கூட வராது. பெரும்பாலும் 80 சதவீதம் பாலியெஸ்டர், 20 சதவீதம் நைலான் வகையான பாலிஅமைடு. நல்ல துணியில் ஒவ்வோர் இழையும் நீளவாக்கில் பல கீற்றுகளாகப் பிளக்கப்பட்டிருக்கும். அந்தக் கீற்றுகளின் கூரிய ஓரங்கள் தூசியைச் சுரண்டி எடுக்கும். நடுவில் உள்ள இடைவெளிகள் தண்ணீரை உறிஞ்சி உள்ளே வைத்துக்கொள்ளும். பிளக்காத இழையில் இந்த இரண்டுமே நடக்காது. தொட்டால் வழுவழுவென்று இருக்கும், தண்ணீரை அங்கும் இங்கும் தள்ளும், அவ்வளவுதான்.

வாங்கும்போது உலர்ந்த உள்ளங்கையை மெதுவாகத் துணியின் மேல் இழுத்துப் பாருங்கள். தோலின் சின்னச் சொரசொரப்புகளில் இழைகள் மாட்டி, கையைப் பிடித்து இழுப்பது போல ஒரு கூச்சம் தெரிந்தால் அது பிளந்த இழை. வீட்டுக்கு வந்ததும் இன்னொரு சோதனை. மேசையில் ஒரு கரண்டித் தண்ணீரை ஊற்றி, துணியை அதை நோக்கித் தள்ளுங்கள். நல்ல துணி தொட்ட இடத்திலேயே தண்ணீரைக் குடித்துவிடும். மோசமான துணிக்கு முன்னால் தண்ணீர் ஒரு கோடாகத் திரண்டு ஓடும். துவைக்காத புதுத் துணி சில சமயம் இந்தச் சோதனையில் தோற்கும் என்பதால், ஒருமுறை துவைத்த பிறகு செய்து பாருங்கள்.

தடிமனை ஜிஎஸ்எம் என்று போட்டிருப்பார்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது அது. பொது வேலைக்கு 300 சுற்றி இருப்பது வசதி. கண்ணாடிக்கு, குச்சங்கள் இல்லாத, தட்டையாக நெய்த மெல்லிய வகை. 400-க்கு மேல் போனால் ஈரத்தை ஒற்றி எடுக்க அருமையாக இருக்கும், ஆனால் கையில் மடித்துப் பிடித்துத் துடைக்கத் தடிமன் இடைஞ்சல்.

40 செ.மீ. சதுரத்தில் ஒரு டஜன் வாங்குங்கள். இரண்டு மூன்று துணியை வைத்துக்கொண்டு அலசி அலசித் துடைப்பதில்தான் எல்லாமே கெட்டுப்போகிறது. நிறமும் பார்த்து வாங்க வேண்டும்: கழிப்பறைக்கு ஒரு நிறம், குளியலறை வாஷ்பேசினுக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று, மற்ற அறைகளுக்கு ஒன்று. எந்த நிறம் எதற்கு என்பது உங்கள் இஷ்டம். கழிப்பறை நிறம் மட்டும் வேறு எங்கும் போகக் கூடாது. இதில் எந்தச் சலுகையும் வேண்டாம். ஓரத்தில் தைத்திருக்கும் லேபிளை வெட்டி எறிந்துவிடுங்கள், பளபளப்பான பரப்பில் அது கீறும். முதல் துவையலைத் தனியாகப் போடுங்கள், சாயமும் உதிரி இழையும் போகட்டும்.

கலக்கும் அளவு

அடர் கிளீனர் வாங்குவதுதான் லாபம். ஆனால் பாட்டில் விலையை மட்டும் பார்த்து ஒப்பிட முடியாது; கலந்த பிறகு எத்தனை லிட்டர் வருகிறது என்று பாருங்கள். 1:50 என்று போட்டிருக்கும் ஒரு லிட்டர் பாட்டில் சுமார் 50 லிட்டருக்கு வரும். 1:10 என்று போட்டிருப்பது அதில் பாதி விலைக்குக் கிடைத்தாலும் கையைக் கடிக்கும்.

1:50 என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 மி.லி. 1:100 என்றால் 10 மி.லி. 500 மி.லி. ஸ்ப்ரே பாட்டிலுக்கு இதில் பாதி. மருந்து பாட்டிலோடு வரும் அளவு மூடி ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள், கண் அளவு எப்போதும் கூடத்தான் போகும். லேபிளில் தரைக்கு ஓர் அளவும் எண்ணெய்ப் பிசுக்குக்கு இன்னோர் அளவும் கொடுத்திருந்தால் இரண்டு ஸ்ப்ரே பாட்டில் வைத்துக்கொள்ளலாம். முதலில் தண்ணீர், பிறகு கிளீனர். மாற்றிச் செய்தால் பாட்டில் முழுக்க நுரைதான் நிற்கும். பக்கெட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் நல்லது. ஸ்ப்ரே பாட்டிலில் சாதாரணத் தண்ணீர் போதும்.

கலந்த பாட்டிலின் மேல் என்ன கிளீனர், என்ன அளவு, எந்தத் தேதி என்று மார்க்கரால் எழுதுங்கள். தண்ணீர் சேர்ந்ததும் பாதுகாக்கும் பொருளும் நீர்த்துப்போவதால் நாளடைவில் உள்ளே கிருமி வளரலாம். ஓரிரு வாரத்தில் தீரும் அளவுக்கு மட்டும் கலந்து, அடுத்த முறை நிரப்பும் முன் பாட்டிலைக் கழுவிவிடுங்கள். குடிக்கிற தண்ணீர் பாட்டிலில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் பூட்டி வைக்க வேண்டிய பொருள் இது.

இதைத் தண்ணீரைத் தவிர வேறு எதோடும் கலக்கக் கூடாது. முக்கியமாக ப்ளீச். ப்ளீச்சோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், அம்மோனியா சேர்ந்தால் குளோரமின் வரும். இரண்டும் நுரையீரலைத் தாக்கும். உங்கள் கிளீனரில் இவற்றில் எது இருக்கிறது என்று வாசனையை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டு சேர்த்தால் இரட்டிப்புப் பலன் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

துணியை மடிப்பதும் பிடிப்பதும்

இந்த ஒரு பகுதியை மட்டும் சரியாகச் செய்தால்கூட வீட்டில் வித்தியாசம் தெரியும்.

துணியைப் பாதியாக மடியுங்கள், மறுபடி பாதியாக மடியுங்கள். உள்ளங்கைக்கு அடக்கமாக 20 செ.மீ. சதுரம் கிடைக்கும். திருப்பித் திருப்பி மடித்தால் இதில் எட்டு முகங்கள். ஒரு முகம் அழுக்கானதும் அடுத்த முகத்துக்கு மாறுங்கள். எட்டும் முடிந்தால் அந்தத் துணியை அழுக்குக் கூடையில் போட்டுவிட்டுப் புதுத் துணி எடுங்கள். அழுக்கான துணியைத் திரும்ப பக்கெட்டில் முக்கினால், இதுவரை எடுத்த அழுக்கையெல்லாம் தண்ணீரில் கரைத்து அடுத்த அறைக்குப் பூசுகிறீர்கள். துணியை உருண்டையாகச் சுருட்டிப் பிடிப்பதும் வீண். விரல் படும் நான்கு இடங்களில் மட்டும் அழுத்தம் விழும், மற்ற இடம் சும்மா தடவிக்கொண்டு போகும்.

ஈரம் எவ்வளவு? பிழிந்தால் ஒரு சொட்டுகூட விழக் கூடாது. இழைகளின் இடைவெளிகளில் ஏற்கெனவே தண்ணீர் நிரம்பியிருந்தால் அழுக்குத் தண்ணீர் போக இடம் ஏது? சொட்டச் சொட்ட நனைத்த மைக்ரோஃபைபரும் பழைய பருத்தித் துணியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். உலர்ந்த துணியில் மூன்று நான்கு முறை ஸ்ப்ரே அடித்தால் மேசை, அலமாரி, கதவு போன்ற அன்றாட வேலைக்குச் சரியான ஈரம் வந்துவிடும். பிசுக்கு இருந்தால் மட்டும் பரப்பின் மேலேயே அடியுங்கள். மற்றபடி துணியில் அடிப்பதே நல்லது: காற்றில் பறந்து மூக்குக்குப் போவது குறையும், மின்சாதனங்களுக்குள் ஈரம் இறங்காது.

கை போகும் வழியும் முக்கியம். வட்டம் வட்டமாகத் துடைத்தால் எடுத்த அழுக்கு அதே இடத்தில் சுற்றும். தூர ஓரத்தில் தொடங்கி, வலமும் இடமுமாக, ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் மேல் கொஞ்சம் ஏறும்படி உங்களை நோக்கி வாருங்கள். துடைத்த இடத்துக்குத் திரும்பிப் போகாதீர்கள்.

வேலையின் வரிசை

மேலிருந்து கீழே, உலர்ந்த வேலை முதலில், ஈர வேலை பிறகு, அழுக்குக் குறைந்த இடத்திலிருந்து அழுக்கு மிகுந்த இடத்துக்கு. ஃபேன் இறக்கையையும் அலமாரி உச்சியையும் உலர்ந்த துணியால் துடைத்துத் தூசியை எடுத்த பிறகுதான் தண்ணீர் கிளீனர் எல்லாம். தூசியின் மேல் ஸ்ப்ரே அடித்தால் அது சேறாகி மூலைகளில் போய் ஒட்டிக்கொள்ளும்.

எந்தப் பரப்பிலும் முதல்முறை பயன்படுத்தும்போது கண்ணில் படாத ஒரு மூலையில் சோதித்துப் பாருங்கள். மெழுகு பூசிய மரம், பூச்சே இல்லாத மரம், சீல் செய்யாத கல், பூச்சில்லாத அலுமினியம் ஆகியவை காரத்தால் மங்கக்கூடியவை. அவற்றுக்கு வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும்.

சுவிட்சு போர்டு, கதவுக் கைப்பிடி, ரிமோட் இவையெல்லாம் தினமும் எத்தனையோ கைகள் படும் இடங்கள். துணியில் ஸ்ப்ரே அடித்து, நன்றாகப் பிழிந்து துடையுங்கள்; சுவிட்சு போர்டு என்றால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு. டிவி, கணினித் திரைக்குக் கிளீனரே வேண்டாம். அணைத்துவிட்டு, உலர்ந்த சுத்தமான துணி. போகாத விரல் ரேகைக்கு லேசாகத் தண்ணீர் தொட்ட துணி.

சமையலறை

பொறுமைக்குப் பலன் கைமேல் கிடைக்கும் இடம் அடுப்புதான். அடுப்பு முழுக்க ஆறட்டும். பர்னர் மூடிகளையும் தாங்கிகளையும் கழற்றி, கிளீனர் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப் போடுங்கள். மேடையின் மேல், பிசுக்குக்கான அளவில் கலந்த கிளீனரை அடித்து, ஓர் ஈரத் துணியை விரித்து அதன் மேல் போர்த்திவிடுங்கள். காயாமல் வைத்திருப்பதற்குத்தான் இந்தப் போர்வை. காய்ந்துவிட்டால் கிளீனரும் பிசுக்கும் சேர்ந்து இன்னொரு படலமாகிவிடும். ஐந்து நிமிடம் கழித்து அந்தத் துணியாலேயே வழித்து எடுத்தால், மஞ்சளாக நின்ற எண்ணெய் துணியோடு வந்துவிடும். மிச்சம் இருந்தால் அழுத்தித் தேய்க்காமல் இதையே இன்னொரு தடவை செய்யுங்கள். முதல் சுற்றில் மேல் அடுக்கு போகும், இரண்டாவதில் அடியில் இருப்பது இளகும்.

மாதக்கணக்கில் சூட்டில் இருந்து, தேன் நிறத்தில் வார்னிஷ் போல இறுகிவிட்ட எண்ணெய்க்கு மட்டும் இது பலிக்காது. எண்ணெய் அந்த நிலையில் வேதியியல் ரீதியாகவே மாறிவிட்டிருக்கும். அதற்கென்று விற்கும் வலுவான டிகிரீசர்தான் வேண்டும். அந்த நிலைக்குப் போகாமல் வாரம் ஒருமுறை துடைப்பது எவ்வளவோ எளிது.

அலமாரிக் கதவுகளில் கைப்பிடியைச் சுற்றி உள்ள இடத்தை மறக்காதீர்கள். உணவு படும் பரப்பு எதுவானாலும், கிளீனரால் துடைத்த பிறகு வெறும் தண்ணீர்த் துணியால் ஒரு தடவை துடைத்துவிடுங்கள். ஃப்ரிட்ஜின் உட்புறத்துக்கும் இதேதான்.

குளியலறையும் கழிப்பறையும்

ஜன்னலைத் திறந்து வையுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சர்ஃபாக்டன்ட் நம் தோலில் உள்ள எண்ணெயையும் இளக்கிவிடும், விரல் வெடிப்பதற்கு அதுவே காரணம். கண்ணாடியிலிருந்து தொடங்கி வாஷ்பேசின், குழாய், சுவர் ஓடு, கடைசியில் கழிப்பறை. சோப்புப் படிவுக்கும் அடுப்புக்குச் சொன்ன அதே காத்திருப்பு உதவும். குழாயடி உப்புக்கறைக்கு அமிலம் பயன்படுத்துவதாக இருந்தால், கிளீனரை முழுக்கக் கழுவிய பிறகு தனியாகச் செய்யுங்கள். பளிங்குக் கல்லின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பளிங்கும் கால்சியம் கார்பனேட்தான், அமிலம் அதன் பளபளப்பைத் தின்றுவிடும்.

கழிப்பறைக்கு: ஃப்ளஷ் பொத்தான், மூடி, மூடியின் உட்புறம், இருக்கை, கடைசியாக அடிப்பாகமும் அதைச் சுற்றிய தரையும். இந்த வரிசையில், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு புது முகம். முடிந்ததும் அந்தத் துணி நேராகத் துவையலுக்கு.

கண்ணாடி, சுவர், தரை

கண்ணாடிக்கு இரண்டு துணி. ஒன்றில் வெறும் தண்ணீர். பிசுக்கு இருந்தால் மட்டும் ஒரு துளி கிளீனர். உடனே பின்னாலேயே தட்டையாக நெய்த உலர்ந்த துணி. நேர் வெயில் விழும் நேரத்தில் செய்யாதீர்கள், துடைப்பதற்குள் காய்ந்து கோடு விழும்.

சுவரை மட்டும் கீழிருந்து மேலே துடையுங்கள். அழுக்குத் தண்ணீர் உலர்ந்த சுவரில் வழிந்தால் கோடுகள் நிற்கும். ஏற்கெனவே ஈரமான இடத்தில் வழிந்தால் அடையாளம் தெரியாது.

தரைக்கு லேபிளில் உள்ள குறைந்த அளவே தாராளம். பிசுபிசுக்கிற தரையைச் சரி செய்ய, கிளீனரே இல்லாமல் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு முறையும் தண்ணீரை மாற்றி மாப் போடுங்கள். பழைய படலம் கரைந்து தண்ணீர் நுரைப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

துணியைத் துவைப்பது

மைக்ரோஃபைபர் துணி உழைப்பது பயன்படுத்தும் விதத்தைவிடத் துவைக்கும் விதத்தில்தான் இருக்கிறது. ஃபேப்ரிக் சாஃப்ட்னர் கூடவே கூடாது. அது இழைகளின் மேல் ஒரு பூச்சாகப் படிந்து இடைவெளிகளை அடைத்துவிடும், துணி உறிஞ்சுவதை நிறுத்திவிடும். ப்ளீச் பாலிஅமைடு இழையை அரிக்கும். ப்ளீச் வேலைக்குப் பருத்தித் துணியை எடுங்கள். பருத்தித் துண்டுகளோடு சேர்த்துப் போட்டால் அவற்றின் பஞ்சு முழுவதையும் இது பிடித்து வைத்துக்கொள்ளும், பிறகு கண்ணாடி துடைக்கும்போது அத்தனையும் அங்கே வந்து ஒட்டும்.

துணிகளை உதறி, மைக்ரோஃபைபரை மட்டும் தனியாக, திரவ டிடர்ஜென்ட் கொஞ்சமாகப் போட்டு, 40 முதல் 60 டிகிரித் தண்ணீரில் துவையுங்கள். கழிப்பறைத் துணிகளுக்கு 60. கொடியில் காயப்போடுவதே உத்தமம்; இழைகள் பிளாஸ்டிக் என்பதால் அதிகச் சூட்டில் உருகி ஒட்டும், எனவே இஸ்திரியும் வேண்டாம். அந்த பிளாஸ்டிக் ஒவ்வொரு துவையலிலும் நுண்ணிய துகள்களாகத் தண்ணீரில் போகிறது என்பதும் கவலைக்குரிய விஷயம்தான். தூசி மட்டும் துடைத்த துணியை உதறிவிட்டு மறுபடி பயன்படுத்துவது, மெஷின் நிறையச் சேர்ந்த பிறகே துவைப்பது, துகள்களைப் பிடிக்கும் துவையல் பையில் போடுவது ஆகிய மூன்றும் அதைக் குறைக்கும்.

துணி விறைத்துப்போய்த் தண்ணீரைத் தள்ளத் தொடங்கினால், டிடர்ஜென்ட் கலந்த சூடான தண்ணீரில் ஓரிரு மணி நேரம் ஊறவைத்து, நுரை நிற்கும் வரை அலசிப் பாருங்கள். பெரும்பாலும் உயிர் வந்துவிடும். அதற்கும் மசியாதவற்றின் ஒரு மூலையை வெட்டி அடையாளம் வைத்து, ஷூ துடைக்கவும் சைக்கிள் செயின் எண்ணெயைத் துடைக்கவும் ஒதுக்கிவிடலாம்; செயின் துடைத்த துணி மட்டும் மற்ற துணிகளோடு துவையலுக்குப் போக வேண்டாம்.